எங்க புள்ளைக்கு நல்ல பதில்

"என்னாடி இது, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற? பேர் பதிஞ்சிட்டாங்களா?"

சனிக்கிழமை மத்தியானம் மகள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றதைக் கண்டதும் மீனம்மாவின் வாயில் முதலில் வந்தது அதுதான். சுலக்ஷனா குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். ராகலையில் இறங்கி, ஆட்டோ கிடைக்காமல் மழையோடு ஏறி வந்திருக்கிறாள். பாவாடை முழங்கால்வரை சேறு.

"அதுக்குப் பேரு பேர் பதியிறது இல்லம்மா. நிரந்தரமாக்குறது."

"ரெண்டும் ஒண்ணுதானே சாமி?"

மீனம்மாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். தோட்டத்தில் பேர் பதியாத ஆள் கைக்காசுக்கு வேலை செய்கிற ஆள். இன்றைக்கு வா என்பார்கள், நாளைக்கு வேண்டாம் என்பார்கள், கேட்க நாதி கிடையாது. மகள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகிச் சில வருஷமாகிறது. அப்படியும் அவளைத் 'தகுதிகாண்' ஆள் என்றுதான் வைத்திருக்கிறார்களாம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும், அதைப் பெரியவர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவளுக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் தூக்கம் வராது. வாரத்துக்கு ஒரு தடவையாவது போனில் கேட்டுவிடுவாள். கேட்டுக் கேட்டு மகளுக்குச் சலித்துவிட்டது.

இன்றைக்கு மகள் சலித்துக்கொள்ளவில்லை.

"அம்மா, மேக்கணக்குப் பிள்ளைக்காம்பராவ எப்ப மூடுனாங்க?" தோட்டத்து மேல்பிரிவில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது.

"போன மாசம். அதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்த? அந்தத் தொரை நல்லா இருக்க மாட்டான். கைப்புள்ளைங்கள எல்லாம் கீழ, கீக்கணக்குப் பிள்ளைக்காம்பராவுல கொண்டுபோய் விடச் சொல்லிட்டான். ஜெயந்தினியப் பாரு, பால்குடிப் புள்ளய வச்சுக்கிட்டு. விடியமுந்தி அம்புட்டுப் படியும் எறங்கிப் புள்ளய விட்டுட்டு, பெரட்டுல பேர் குடுக்கப் பிந்தாம மறுபடி ஏறி வரணும்."

"தலைவர் போய்க் கேக்கலையா?"

"கேக்காம? சங்கத்துத் தலைவருன்னு எதுக்கு இருக்காரு? போனாரு. தொரை ஏதோ புஸ்தகத்தக் காட்டுனாராம். தாய்மாருக்குப் பால் குடுத்துட்டு வரக் காலையில ஒரு நேரம், பின்னேரம் ஒரு நேரம் தாராளமாக் குடுக்குறோம். அந்த நேரத்துக்குள்ள கீக்கணக்குக்கே போயிட்டு வரலாம். நான் சொல்லல, படிச்ச ஆளுங்களே விசாரிச்சு எழுதியிருக்காங்க அப்படின்னாராம். எந்தப் படிச்ச நாயி அப்படி எழுதுச்சோ, அது கையில..."

"நான்தாம்மா எழுதுனது."

மீனம்மா தலையைத் துவட்டக் கையில் வைத்திருந்த துவாயை மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கவில்லை.

"தலைவர் போன் பண்ணுனாரு. 'என்னா தங்கச்சி இப்படி எழுதிப்புட்டே'ன்னாரு. பேப்பர எடுத்துத் திரும்பப் படிச்சேன். அம்மா, ஒவ்வொருத்தரும் ஒரே மாதிரிச் சொன்னாங்க. 'நேரம் குடுக்குறாங்க, கொறையொண்ணும் இல்ல.' ஒரு சொல்லு மாறல. அப்ப எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னா உண்மையாத்தான் இருக்கும்னு நெனச்சேன். யாரும்மா அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நாந்தான்."

சோறு வடித்தேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது? முந்தின வருஷம் மகள் கேள்வித்தாளோடு லயம் லயமாகப் போவதற்கு முதல் நாள், மீனம்மா காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினாள். எம்புள்ளைக்குப் பரிச்ச வருது, நாளைக்குக் கேள்வி கேப்பா, யாரும் ஏறுக்குமாறாச் சொல்லிடாதீங்க. தோட்டத்தப் பத்திக் கொறையாச் சொன்னீங்கன்னா தொரை கோவிச்சுக்குவாரு, அப்புறம் புள்ளய பெயிலாக்கிருவாங்க. பால் குடுக்க நேரம் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லுங்க. அவர்களும் யோசிக்கவில்லை. மேக்கணக்கிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளை இவள் ஒருத்திதான். எங்க புள்ள பாஸாகட்டும் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள்.

"அது பரிச்ச இல்லம்மா!"

"கேள்வி கேட்டுப் பதில் எழுதுனா அதுக்குப் பேரு என்னா?"

சுலக்ஷனா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். கைபேசியை ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்து, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்தாள். அந்தப் பக்கம் பேராசிரியர் குணபூசணி. யாழ்ப்பாணத்து அம்மா. சுலக்ஷனாவைக் கைபிடித்து இழுத்து ஆராய்ச்சிக்குள் விட்டவர். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. வருகிற வருஷம் ஓய்வு.

"மெடம், நான் அந்தக் கட்டுரையத் திரும்ப எடுக்கணும்."

"என்ன கதைக்கிறீர்?"

சுலக்ஷனா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொடுத்தது யார் என்பதை மட்டும் "ஊர்ல ஒருத்தர்" என்று சொன்னாள். மீனம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உம்மட சொந்த லயத்துக்கை போய்க் கேக்க வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான். ஞாபகம் இருக்கோ? தெரிஞ்ச சனம் ஆராய்ச்சியாளருக்குப் பதில் சொல்லாது, மீனம்மான்ர மகளுக்குத்தான் பதில் சொல்லுமெண்டு."

"இருக்கு மெடம்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் சொல்லுறதை ஆறுதலாக் கேளும். அடுத்த மாதம் உம்மட விசயம் குழுவுக்குப் போகுது. இந்தக் கட்டுரை இல்லாட்டி உம்மட கோப்பில ஒண்டுமில்லை. திரும்ப எடுத்தால், ஏன் எடுத்தனீரெண்டு கேப்பினம். நிரந்தரமாகும் மட்டும் வாயை மூடிக்கொண்டிரும். ஆனாப் பிறகு ஆறுதலா இன்னொரு கட்டுரை எழுதும், முதல் ஆய்விலை குறை இருந்ததெண்டு. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. ஒருத்தரும் தங்கட கழுத்தைத் தாங்களே அறுக்கிறேல்லை."

"அதுக்கு எவ்வளவு காலமாகும் மெடம்?"

"இரண்டு வருசம் பிடிக்கும்."

"கைப்புள்ள ரெண்டு வருசம் கைப்புள்ளயா இருக்காதே மெடம்."



"நான் உம்மட வயசிலை வாயைத் திறந்தனான், சுலக்ஷனா. ஒரு பெரியவரின்ர பிழையைச் சபையில சொன்னனான். சரியாத்தான் சொன்னனான். அதுக்குப் பிறகு என்ர பதவி உயர்வு எத்தினை வருசம் பிந்தினதெண்டு உமக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். எனக்கு உம்மிலை கோவமில்லை. பயம்தான்."

"மெடம், திரும்ப எடுக்கிறதுன்னா என்ன செய்யணும்?"

"உம்மட வாய்ப்பேச்சு காணாது. முந்திச் சொன்னது பிழையெண்டு அந்தச் சனமே சொல்லோணும். ஒலிப்பதிவோடை. அது கிடைச்சா நான் மறிக்கமாட்டன்."

போன் நின்றது. மீனம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தம்மா சொல்றது சரிதானே? எம்புட்டு அக்கறையாச் சொல்றாங்க. ரெண்டு வருசந்தானே. பொறுத்துக்க."

"நீயுமாம்மா?"

"பின்ன? நான் வேற என்னா சொல்லுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சுலக்ஷனா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பினாள். மீனம்மாவும் பின்னாலேயே போனாள். முதல் காம்பரா ராக்காயியுடையது. மீனம்மாவோடு ஒரே மலையில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவள். மகள் பிள்ளைக்காரி.

"வாம்மா மேடம்! நாற்காலி இல்ல, கட்டில்ல குந்து. மறுபடி பரிச்சயா?"

"பரிச்ச இல்ல அத்தை. நான் தப்பா எழுதிட்டேன். நெசமா நடக்குறதச் சொல்லுங்க. ஒங்க மகளுக்குப் புள்ளைக்குப் பால் குடுக்க மலையில நேரம் விடுறாங்களா?"

ராக்காயி சுலக்ஷனாவின் தோளுக்கு மேலால் மீனம்மாவைப் பார்த்தாள். மீனம்மா நிலைப்படியைப் பார்த்தாள்.

"விடுறாங்களே! தாராளமா விடுறாங்க. காலையில ஒரு நேரம், பின்னேரம் ஒரு நேரம்."

"அத்தை! நான் இந்த லயத்துலதானே பொறந்தேன்?"

"அதான சொல்றேன். எங்க வயித்துல பொறந்த புள்ள மாதிரி நீயி. ஒனக்குக் கெடுதலா நாங்க ஒரு சொல்லு சொல்லுவோமா? போன தடவை சொன்னதுதான் இந்தத் தடவையும். நீ பயப்படாமப் போ. கங்காணியே வந்து கேட்டாலும் மாத்த மாட்டோம்."

அடுத்த காம்பராவிலும் அதுதான். அதற்கடுத்ததிலும் அதுதான். ஒருத்தி பேச்சை நிறுத்தி, "சரியாச் சொன்னேனா மீனாக்கா?" என்று வெளிப்படையாகவே கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். மீனம்மாவுக்கு வரவில்லை.

கடைசியில் ஜெயந்தினி. பிள்ளைக்கு ஆறு மாசம்கூட ஆகவில்லை. புருஷன் கொழும்பில் ஏதோ ஹோட்டலில். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுப் போத்தலில் பால்மா கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உறிஞ்சுவதும் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தது.

"ஜெயந்தினி, நீயாவது உண்மையச் சொல்லு. ஒனக்கு நேரம் குடுக்குறாங்களா?"

ஜெயந்தினி போத்தலைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"குடுக்குறாங்கக்கா. கொறையொண்ணும் இல்ல."

சுலக்ஷனா மேற்கொண்டு கேட்கவில்லை. கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவை நிறுத்தினாள். வெளியே வந்ததும் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொல்லாம அவங்க மாத்த மாட்டாங்கம்மா."

"நான் சொன்னா உன் வேல போயிருமே."

"போகலாம். தள்ளியும் போடலாம். எனக்கே தெரியாது."

"தெரியாத ஒண்ணுக்காகக் கையில இருக்குறத விடச் சொல்றியா? நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும். அதனாலதான் உன்னக் கட்டாயப்படுத்தல. நாளைக்குப் பின்னேரம் பஸ்ஸுக்குப் போறேன்."

ராத்திரி மீனம்மா சோற்றைப் போட்டாள், மகள் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை மலையில் பனி இறங்கியிருந்தது. மீனம்மா ஜெயந்தினிக்குப் பக்கத்து நிரையில் நின்றாள். மேக்கணக்குப் பிள்ளைக்காம்பரா திறந்திருந்த காலத்தில், கங்காணி தனியாக நேரம் கொடுத்தது கிடையாது. தேத்தண்ணி குடிக்க விடுகிற நேரத்தில் தாய்மார் குடிக்காமல் கொள்ளாமல் ஓடிப்போய்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஓடிவருவார்கள். கூப்பிடு தூரம் என்பதால் முடிந்தது. மூடிய பிறகு ஓட இடமில்லை. ஜெயந்தினி தேத்தண்ணி நேரத்தில் பெரிய மரத்துக்குப் பின்னால் போய், கட்டிக்கொண்ட பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டு வருவாள். வந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். எல்லாரும் கண்டும் காணாததுபோல இருந்தார்கள்.

இன்றைக்குத் தேத்தண்ணிக்கு விட்டதும் ஜெயந்தினி கூடையை இறக்கிவைத்து எல்லாரோடும் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிட்டாள்.

"ஏன் புள்ள, அந்தப் பக்கம் போகல?"

"எதுக்குப் பெரியம்மா?"

"எதுக்கா? கட்டிக்காதா?"

"இல்ல பெரியம்மா. நின்னுபோச்சு."

"எப்ப?"

"நாலஞ்சு நாளாவே கொறஞ்சுக்கிட்டு வந்துச்சு. நேத்துச் சுத்தமா இல்ல." ரொட்டியை மென்று விழுங்கினாள். "ஒரு வகையில நல்லதுதான். நோவு இல்ல. சட்டையும் நனையல."

"நேத்துத்தானேடி எம்புள்ள ஒங்கிட்ட வந்து கேட்டா? அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிப் பெரியம்மா சொல்றது? அக்கா பாஸாக வேணாமா?"

மீனம்மா கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. கங்காணி சத்தம் போட்டதும் எழுந்து நிரைக்குப் போனாள். விரல் பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது.

மத்தியான நிறுவைக்கு எல்லாரும் வரிசையில் நின்றபோது அவள் தன் கூடையைத் தராசில் வைக்கவில்லை. வரிசையை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் அன்னைக்குச் சொல்லிக் குடுத்தேனே, அத யாரும் இனிச் சொல்லாதீங்க."

ராக்காயி திரும்பினாள். "என்னா மீனா, முந்தி ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சா? நாங்க என்னா ஒன் வீட்டுக் கிளியா?"

"கிளியாத்தான் ஆக்கிவச்சேன் அக்கா. நாஞ் செஞ்ச வேலதான். அதச் சொல்லித்தான் பிள்ளைக்காம்பராவ மூடுனாங்க. நீங்க சொன்னது, எம்மக எழுதுனது, தொரை படிச்சது. எல்லாம் நாஞ் சொல்லிக் குடுத்தது."

நிறுத்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளைகூடத் தராசிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப புள்ள வேல?" ராக்காயியின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியல அக்கா."

"தெரியாம எப்படிடி..."

"தெரியலன்னா தெரியல! என்னயப் போட்டுக் கேக்காதீங்க. பின்னேரம் வீட்டுக்கு வாங்க. வந்து உள்ளதச் சொல்லுங்க."

மகள் அன்றைக்குப் பஸ்ஸுக்குப் போகவில்லை. வேலை விட்டு வந்த பெண்கள் தலையில் கட்டிய துணியோடு மீனம்மாவின் காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் வாசலிலும் நின்றார்கள். யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"என்னயக் கேளு," என்றாள் மீனம்மா.

"அம்மா, ஒனக்கு இப்பக் கைப்புள்ள இல்லையே."

"இருந்துச்சே. ஒன்னயத்தான் சொல்றேன். கேளு."

சுலக்ஷனா கைபேசியைத் தாயின் முன்னால் வைத்தாள். குரலை வேலைக்குரிய குரலாக மாற்றிக்கொண்டாள்.

"பால் குடுக்க ஒங்களுக்கு நேரம் குடுத்தாங்களா?"

"இல்ல. ஒரு நாளும் குடுக்கல. ஓடிப்போய்க் குடுப்பேன். மலை தூரமாப் போச்சுன்னா அதுவும் இல்ல. பிள்ளைக்காம்பரா ஆயா கோதுமை மாவக் கரைச்சு ஊத்துவா. ராத்திரி நான் தூக்குனா, பழக்கமில்லாம மொகத்தத் திருப்பிக்குவ நீ. அதுக்கு அப்புறம் நான் குடுக்கல."

சுலக்ஷனா தலை குனிந்திருந்தாள். அவள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் ராக்காயி தானாகவே பேச ஆரம்பித்துவிட்டாள். மகளைப் பற்றித் தொடங்கி, செத்துப்போன தன் மூத்த பிள்ளைவரை போனாள். அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்தத்தான் ஆள் இல்லை. ஜெயந்தினி மட்டும் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வா என்று கூப்பிட்டதற்கு, "எனக்கு இனிச் சொல்லி என்னாக்கா?" என்று சொல்லிப் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கட்டுரை திரும்ப எடுக்கப்பட்டது. காரணம் கேட்ட இடத்தில், பிழை கேள்வி கேட்டவளுடையது, பதில் சொன்னவர்களுடையதல்ல, தன் ஊரில் தானே போய்க் கேட்டிருக்கக் கூடாது என்று சுலக்ஷனா எழுதினாள். தாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேராசிரியர் குணபூசணி, தன் பெயரும் இருந்த கட்டுரை என்றாலும், எடுக்கச் சம்மதித்தார். குழு கூடியது. தகுதிகாண் காலத்தை நீடித்தார்கள். அடுத்த தடவையும் இப்படி வந்தால் இடமில்லை என்றார்கள்.

தோட்டத்தில் தலைவர் மறுபடி தொரையிடம் போனார். தொரை கோபப்படவில்லை, சிரித்தாராம். "அன்னைக்கு நேரம் இருக்குன்னு சொன்னது ஒங்க பொம்பளைங்க. இன்னைக்கு இல்லன்னு சொல்றதும் அவங்கதான். நான் எதை நம்புறது? யோசிப்போம்," என்றாராம். யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் பின்னேரம் சுலக்ஷனா போன் பண்ணினாள். குரல் கட்டியிருந்தது. வேலைக்கு மேல் வேலை கொடுக்கிறார்களாம். அவளோடு சேர்ந்து எழுத இப்போது யாரும் வருவதில்லையாம். அதையெல்லாம் கேலியாகத்தான் சொன்னாள். மீனம்மா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சாப்டியா சாமி?"

"சாப்டேன். அம்மா, ஒண்ணு கேக்கணும். பிள்ளைக்காம்பராவத் திறந்துட்டாங்களா?"

திறந்துட்டாங்க. அந்தச் சொல் மீனம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் அந்தப் பக்கம் பிள்ளை ஒரு மூச்சு விடும், இன்றைக்கு ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கும். சொல்வது அவளுக்குக் கஷ்டமே இல்லை. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்." ஜன்னல் கட்டையிலிருந்து கையை எடுத்தாள். "இல்ல சாமி. திறக்கல. பூட்டித்தான் கெடக்கு. ஜெயந்தினி வேலைய விட்டுட்டா."

போனில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. மீனம்மா காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றாள் மகள். "எந்தத் தேதியில விட்டா? சொல்லு, எழுதிக்கிறேன்."